மூணு புள்ளி உளி: ஷெஃபீல்டுல அஞ்சு நாள்

நாள் 1, வியாழன்

லண்டன் செயின்ட் பான்க்ரஸ்ல ரயில் ஏறி ரெண்டு மணி நேரத்துல இங்கிலாந்தோட எஃகு ஊரான ஷெஃபீல்டு வந்தாச்சு. இறங்குனதும் மழை, அதுவும் குடை புடிக்கவும் முடியாம நனையவும் முடியாம ஒரு சாரல். ஊரு முழுக்க மேடு பள்ளம், நம்ம ஊர் மலைக்கோயில் படி ஏறுற மாதிரி தெருவெல்லாம் ஏறி ஏறி இறங்குது, ரூமுக்குப் போறதுக்குள்ள முட்டி கழண்டுருச்சு.

எதுக்கு இங்கன்னு கேட்டா பையில துண்டு சுத்தி வச்சிருக்குற ஒரு உளிதான் காரணம். எங்க தாத்தா அம்பாசமுத்திரத்துல தச்சு வேலை பார்த்தவர். அவர் போனதுக்கப்புறம் பெட்டியில இருந்த சாமானை ஆளாளுக்கு எடுத்துட்டுப் போயி, கடைசியா எனக்கு மிஞ்சினது ஒரே ஒரு முக்கால் இஞ்ச் பட்டை உளி. அதுல ‘காஸ்ட் ஸ்டீல்’, ‘ஷெஃபீல்டு’ன்னு அச்சு அடிச்சிருக்கு, கம்பெனி பேரு இருக்க வேண்டிய இடம் தேய்ஞ்சு போயி ‘அண்ட் சன்ஸ்’ மட்டும் தெரியுது. அதுக்குக் கீழ மூணு புள்ளி, முக்கோணமா, ஆணியாலயோ ‘பஞ்ச்’னு சொல்ற அச்சுக் கம்பியாலயோ அடிச்சது. தாத்தா தன்னோட சாமான்னு அடையாளத்துக்கு அடிச்சிருப்பார். பிடி வெடிச்சுப் போய் பூச்சி அரிச்சு இருந்துச்சு, 2019ல நானே ஆஷ் மரத்துல புதுப் பிடி போட்டு லின்சீட் ஆயில் தேச்சு வச்சேன், இப்ப பார்க்க ஜம்முனு இருக்கு.

இந்த ஒரு உளியில ஆரம்பிச்சதுதான், இப்ப வீட்டு ஷெட்ல நாப்பது அம்பது உருப்படி கெடக்கு. வீட்ல அதுக்கு வச்சிருக்குற பேரு ‘பேரீச்சம்பழத்துக்குப் போடுற சாமான்’. இந்த முறையும் கிளம்பும்போது ஒரே ஒரு கண்டிஷன்தான், ‘போற பையிலயே திரும்பி வரணும், புதுப் பை வாங்கக் கூடாது’.

பழைய கைக்கருவி சேக்குறவங்க பேச்சுல ஸ்டான்லி, ரெக்கார்ட், நாரிஸ்னு நாலஞ்சு கம்பெனி பேருதான் சுத்திச் சுத்தி வரும். நாரிஸ் இழைப்புளி நல்ல நிலைமையில இருந்தா நூத்துக்கணக்கான பவுண்டு. நமக்கு அந்தப் பக்கம் போக வசதியும் இல்ல, உண்மையைச் சொன்னா ஆசையும் பெருசா இல்ல. எனக்குப் புடிச்சது யாருமே தேடாத பேருங்க. மௌல்சன் பிரதர்ஸ், இபட்சன், வார்ட் அண்ட் பெய்ன், ஐசக் சோர்பின்னு எத்தனையோ, அதெல்லாம் இன்னைக்கும் அஞ்சு பவுண்டு பத்து பவுண்டுக்குக் கெடைக்குது, தீட்டி வச்சா முடியைச் செரைக்கும்.

சாயங்காலம் அபேடேல் ரோடு பக்கம் பழைய சாமான் கடைகளாப் பார்த்துட்டே நடந்தேன். ஷெஃபீல்டுல ஆம்பளைக் கடைக்காரர் ஆம்பளையையே ‘லவ்’னு கூப்புடுறார், முதல் தடவை கேட்டப்ப எனக்குக் கொஞ்சம் திக்குன்னு ஆயிருச்சு. ஒரு கடையில டேபிளுக்கு அடியில அட்டைப் பெட்டியில ஒரு நீள மர இழைப்புளி, எட்டு பவுண்டு. கட்டை பீச் மரம், மூக்குப் பக்கம் ‘வார்வில் அண்ட் சன்ஸ், யார்க்’னு முத்திரை, ஆப்பைத் தட்டி அலகை வெளிய எடுத்தா அதுல ‘மௌல்சன் பிரதர்ஸ்’. அப்படின்னா கட்டை யார்க்ல செஞ்சது, அலகு ஷெஃபீல்டுலேர்ந்து போனது. அப்போ இது சாதாரணமா நடந்த விஷயம், மரக் கட்டை செய்யுறவன் இரும்பு செய்ய மாட்டான், அலகை ஷெஃபீல்டுலேர்ந்து டஜன் கணக்குல வரவழைச்சுப் போடுவான். அலகு மேல மெலிசா இருந்து கீழ போகப் போக தடியாகுது, வாய்ப் பக்கம்தான் கனம், ஆப்பு அடிச்சு இறுக்குனா அசையாது.

நான் வாங்குனது அதுக்காக இல்ல. மூக்குப் பக்கம் கம்பெனி முத்திரையைச் சுத்தி இன்னும் நாலு பேரு அடிச்சிருக்கு, நாலும் வேற வேற அச்சு, நாலும் இதை வச்சு வேலை பார்த்த தச்சருங்க பேரு. ஒருத்தர் பேரை ரெண்டு தடவை அடிச்சிருக்கார், முதல் தடவை கோணலாப் போயிருச்சு போல.

நாள் 2, வெள்ளி

கெல்ஹாம் ஐலண்ட் மியூசியம். ஐலண்டுன்னா பெரிய தீவு இல்ல, டான் ஆத்துலேர்ந்து மில்லுக்காக வாய்க்கால் வெட்டுனதுல நடுவுல நின்ன துண்டு நிலம். வாசல்லயே ஒரு பெசிமர் கன்வர்டர், அதாவது எஃகு செய்யுற பெரிய உலைப் பாத்திரம், யானைக் குட்டி நின்னுக்கிட்டுத் தூங்குற மாதிரி. உள்ள 1905ல செஞ்ச ரிவர் டான் ஸ்டீம் இன்ஜின், 12,000 குதிரைசக்தி, போர்க்கப்பலுக்கான கவசத் தகடு உருட்டுறதுக்காக செஞ்சது, ஓட விட்டாங்கன்னா தரை அதிருது. எல்லாரும் அதைத்தான் வீடியோ எடுக்குறாங்க, நானும் எடுத்தேன், ஆனா நான் வந்தது பக்கத்துல இருக்குற ஹாலி காட்சிக்கூடத்துக்கு.

கென் ஹாலின்னு ஒருத்தர், இந்த ஊர்ல டூல்ஸ் கடை வச்சிருந்தவர், 2014ல காலமானார். விக்கிறவரு எதுக்குச் சேக்கணும்? ஆனா சேத்தார், அதுவும் அவர் கண்ணு முன்னாடியே பட்டறைங்க ஒண்ணொண்ணா மூடிட்டு வந்த காலத்துல. அவர் சேத்த விதம்தான் எனக்குப் பெருசாப் பட்டுச்சு. முழுசா முடிஞ்ச உளியை மட்டும் எடுத்து வைக்கல. வெறும் கம்பி, அதை அடிச்சு அகலமாக்குனது, தோள் வச்சது, தீட்டுனது, பிடி போட்டதுன்னு ஒவ்வொரு கட்டத்துலயும் ஒண்ணு, அதைச் செய்யுறதுக்கு வேணுங்குற கருவி, பழைய கேட்டலாக், செஞ்சவங்க வேலை பார்க்குற ஃபிலிம் எல்லாமே. ஒரு கத்திரிக்கோல் எப்படிப் பொறக்குதுன்னு வரிசையா அடுக்கி வச்சிருக்குறதப் பார்த்தா ஏதோ குடும்ப ஆல்பம் பார்க்குற மாதிரி இருக்கு.

அரம் வெட்டுறவங்க பகுதியில ரொம்ப நேரம் நின்னேன். அரத்துல இருக்குற ஒவ்வொரு பல்லும் ஒரு காலத்துல கையால வெட்டுனது, சின்ன உளியை வச்சு சுத்தியலால ஒரு அடி ஒரு பல்லு, அடுத்த அடி அடுத்த பல்லு, அளவு பார்க்கக் கோடெல்லாம் கெடையாது, முந்தின பல்லோட வரப்புல உளி தானா போயி உக்காரும். ஒரு பக்கம் வெட்டி முடிச்சுட்டுத் திருப்பி வச்சா அந்தப் பல்லு நசுங்கிரும்ல, அதுக்காக அடியில ஈயக் கட்டை போட்டாங்க. அந்த ஈயத் தூள்தான் அவங்களைக் கொன்னுச்சு. விரலை நாக்குல தொட்டு உளியைப் புடிக்கிற பழக்கம் வேற. கை மணிக்கட்டு விழுந்து போயி தூக்கவே முடியாம ஆயிருமாம். நான் வீட்ல பழைய அரத்தைத் துரு புடிச்சுதுன்னு தூக்கிப் போட்டிருக்கேன், அதை நெனைச்சு கொஞ்ச நேரம் ஒரு மாதிரி இருந்துச்சு.

முத்திரைங்க தனி உலகம். ராபர்ட் சோர்பிக்கு கங்காரு, ஐசக் சோர்பிக்கு மிஸ்டர் பஞ்ச் பொம்மை, வில்லியம் மார்பிள்ஸுக்கு மூணு இலை ஷாம்ராக், டைசாக் வீட்டுல ஒரு கிளைக்கு யானை. படிக்கத் தெரியாத ஊர்ல விக்கிறதுக்கு இதை விட நல்ல வழி இல்ல, நம்ம ஊர் தீப்பெட்டி மாதிரிதான். கட்லர்ஸ் கம்பெனின்னு ஒரு சங்கம் 1624ல பார்லிமென்ட் சட்டத்துல வந்து, இன்னாருக்கு இன்ன முத்திரைன்னு பதிவு பண்ணிக் காவல் காத்துச்சு. அப்படியும் ஜெர்மன் சரக்குல ஷெஃபீல்டுன்னு பொய்யா அடிச்சு விக்கிறாங்கன்னு இங்க பெரிய கூச்சல் எழும்பித்தான் 1887ல மெர்ச்சண்டைஸ் மார்க்ஸ் சட்டம் வந்துச்சு, ‘மேட் இன் ஜெர்மனி’ன்னு அடிக்க வச்சதே அவமானப்படுத்தத்தான். அது எப்படித் திரும்பிப் போச்சுன்னு சொல்லவே வேணாம்.

ஆனா இந்த முத்திரைக்குப் பின்னாடி இருக்குற கதைதான் இன்னைக்கு எனக்குப் புதுசு. இந்த ஊர்ல ‘லிட்டில் மெஸ்டர்’னு சொல்லுவாங்க, சின்ன மேஸ்திரி, ஒரு ரூமை வாடகைக்கு எடுத்து ஒருத்தர் ரெண்டு பேர் வேலை பார்க்குற பட்டறை. ஒருத்தர் காய்ச்சி அடிச்சுக் குடுப்பார், இன்னொருத்தர் சாணை புடிப்பார், மூணாமத்தவர் பிடி போடுவார், கடைசியா வாங்கி விக்கிறவர் தன் பேரை அடிப்பார். ஒரே ஆளு காலையில பெரிய கம்பெனிக்கும் மத்தியானம் யாருக்கும் தெரியாத பேருக்கும் ஒரே உளியை அடிச்சுக் குடுத்திருக்கலாம். ஊர் ஊரா இருந்த ஹார்டுவேர் கடைக்காரங்க வேற தங்க கடைப் பேரை அடிச்சு வாங்கியிருக்காங்க. அப்போ ‘பெரிய பிராண்டு, சின்ன பிராண்டு’ன்னு நாம விலை வச்சுச் சண்டை போடுறது எல்லாம் யாரு கடைசியா அச்சு அடிச்சாங்கன்னு சண்டை போடுறதுதான்.

என் உளியை அங்க இருந்த தன்னார்வலர் ஒருத்தர்கிட்ட காட்டினேன், எழுவது வயசு இருக்கும். கையில வாங்குனதும் முதல்ல பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார், அப்புறம்தான் பேரைப் பார்த்தார். ‘அண்ட் சன்ஸ்’னு முடியுற கம்பெனி இங்க எத்தனைன்னு எண்ணி முடிக்க முடியாதுன்னு சிரிச்சார். முத்திரை பார்க்குறதுல கெட்டிக்காரர் ஒருத்தர் ஞாயித்துக்கிழமை வருவார், அப்ப வாங்கன்னார்.

நாள் 3, சனி

அபேடேல் இண்டஸ்ட்ரியல் ஹேம்லெட். ஷீஃப் ஆத்தங்கரையில குளம், தண்ணிச் சக்கரம், சம்மட்டி, சாணைப் பட்டறை, கூலிக்காரங்க வீடு எல்லாம் ஒரே முற்றத்தைச் சுத்தி. அருவாள், புல்லறுக்குற நீள அருவா செஞ்ச இடம், 1933 வரைக்கும் ஓடிச்சு, 1970ல மியூசியம் ஆச்சு. எஃகை உருக்குற களிமண் பாத்திரத்துக்கு மூசைன்னு பேரு, அந்த மூசை உலை முழுசா அப்படியே மிஞ்சி நிக்கிறது உலகத்துலயே இங்க மட்டும்தான்.

முதல்ல ஒரு விஷயம், புதுசா சேக்க ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் விழுற குழி, நானும் விழுந்தேன். ‘காஸ்ட் ஸ்டீல்’னு பார்த்ததும் வார்ப்பிரும்பு போல, உடைஞ்சுரும், மட்டம்னு நெனைச்சு ஒரு நல்ல உளியை மூணு பவுண்டுக்கு வேணாம்னு விட்டுட்டு வந்திருக்கேன். அது வார்ப்பிரும்பு இல்ல, மூசையில உருக்கி அச்சுல ஊத்துன எஃகு, அந்தக் காலத்துல அதுதான் உசத்தி. ரம்பத்துல ‘ஜெர்மன் ஸ்டீல்’, ‘ஸ்பிரிங் ஸ்டீல்’னு அடிச்சிருந்தா அதெல்லாம் அதுக்குக் கீழ்த் தரம். அதே மாதிரி ரம்பப் பிடியில பித்தளைப் பொட்டுல ‘வாரண்டட் சுப்பீரியர்’னு இருந்தா அது கம்பெனி பேரு இல்ல, ஆளாளுக்குப் போட்டுக்கிட்ட பொதுப் பொட்டு. நான் ஒரு வருஷம் வாரண்டட் கம்பெனி ரம்பம்னே சொல்லிட்டுத் திரிஞ்சேன், யாரும் திருத்தல.

பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் ஒரு கடிகாரம் செய்யுறவர். கடிகார ஸ்பிரிங்குக்குக் கெடைச்ச எஃகு ஒரு இடம் கெட்டியா ஒரு இடம் மெதுவா இருக்குதேன்னு கடுப்பாகி, 1740கள்ல ஷெஃபீல்டு பக்கம் வந்து எஃகை முழுசா உருக்கிப் பார்த்தார். 1,600 டிகிரி கிட்ட வேணும், அதைத் தாங்குற மூசை வேணும். அந்த மூசை செய்யுற ரூமை இங்க பார்த்தேன், களிமண்ணைத் தரையில பரப்பி வெறுங்காலால மணிக்கணக்கா மிதிப்பாங்களாம், ஒரு சின்னக் கல்லு, ஒரு காத்துக் குமிழி இருந்தாக்கூட உலைக்குள்ள மூசை வெடிச்சு எஃகு எரியுற கோக் கரியில போயிரும், காலுக்குத்தான் அது தெரியும். எங்க ஊர்ல குயவர் வீட்டுல அதே மிதி, அதே காரணம். உலை வாய் தரை மட்டத்துல இருக்கு, மூசையை இடுக்கியால தூக்குறவர் அந்த வாய்க்கு நேர் மேல நிக்கணும், கால்ல சாக்கை நனைச்சுக் கட்டிக்குவாராம். நான் அணைஞ்ச உலை மேல நின்னு குனிஞ்சு பார்த்தேன், அதுக்கே இடுப்பு புடிச்சுது.

மூசைன்னு சொன்னதும் நம்மாளுங்க உடனே நம்ம பழைய மூசை எஃகான உக்கு, உட்ஸ்னு ஆரம்பிப்பீங்கன்னு தெரியும். கொடுமணல்ல மூசை உலை இருந்த தடயம் கெடைச்சிருக்கு, உண்மைதான். நம்ம முறை வேற, இரும்போட இலை தழை வச்சு மூசையை மூடிச் சூடு பண்ணி, உள்ளயே ஆற விடுறது. ஹன்ட்ஸ்மன் ஏற்கனவே எஃகானதை உருக்கி ஊத்துறார். இவர் அதைப் பார்த்துத்தான் செஞ்சார்னு வாட்ஸ்அப்ல வர்ற மாதிரி நான் எழுதப் போறதில்ல. ஆனா தொடர்பே இல்லைன்னும் சொல்ல முடியாது. 1795ல ஜார்ஜ் பியர்சன் ராயல் சொசைட்டியில உட்ஸ் பத்திக் கட்டுரை படிச்சார், 1820 வாக்குல ஃபாரடேயும், கத்தி செய்யுற ஸ்டோடார்ட்டும் உட்ஸை ஆராயப் போய் எஃகுல வேற உலோகம் கலந்து பார்த்தாங்க, அந்தக் கலவையைப் பெரிய அளவுல உருக்குனது இதே ஷெஃபீல்டுல, சாண்டர்சன் உலையில.

மத்தியானம் பஸ் புடிச்சு ஷெப்பர்ட் வீல். போர்ட்டர் ஓடைக் கரையில மரத்துக்கு நடுவுல ரெண்டு சின்னக் கட்டடம், 18 அடி தண்ணிச் சக்கரம், உள்ள வரிசையா சாணைக் கல்லு. சாணை புடிக்கிறவர் மரக் குதிரை மேல காலை அகட்டி உக்காந்து கல்லு மேல குனிஞ்சு வேலை பார்க்கணும். மணற்கல்லு தூசி நேரா மூக்குக்கு. தண்ணி போடாம காஞ்ச கல்லுல தீட்டுனவங்களுக்கு, முக்கியமா முள்கரண்டி தீட்டுனவங்களுக்கு, முப்பது வயசு தாண்டுறதே கஷ்டமா இருந்துச்சு. தொழிலாளர் சங்கத்துல சேராதவன் வந்து கூலியைக் குறைச்சா ராத்திரியோட ராத்திரியா அவன் சாணைக்குப் போற பெல்ட்டைக் காணாமப் பண்ணிருவாங்க, அதுக்கு இங்க ‘ராட்டனிங்’னு பேரு, எலி தூக்கிட்டுப் போச்சுன்னு. 1866ல ஒரு ரம்பச் சாணைக்காரர் வீட்டுல வெடிமருந்து வைக்கிற வரைக்கும் போச்சு, மறு வருஷம் விசாரணையில சங்கச் செயலாளர் பிராட்ஹெட்டே இந்த மாதிரி பல சம்பவத்துக்குக் காசு குடுத்து ஆள் வச்சதை ஒத்துக்கிட்டார். என் உளியோட பின்பக்கம் கண்ணாடி மாதிரி சமமா இருக்கே, அதை ஒருத்தர் இப்படித்தான் உக்காந்து தீட்டியிருக்கார்.

நாள் 4, ஞாயிறு

காலையில ஆறு மணிக்கு ஊருக்கு வெளிய ஒரு கார் பூட் சந்தை, கார் டிக்கியைத் திறந்து வச்சுப் பழைய சாமான் விக்கிற சந்தை. இன்னைக்கு ஏமாந்ததைச் சொல்லிருறேன். நாலு உளி சேத்து இருவது பவுண்டு, எல்லாம் பளபளன்னு, வில்லியம் மார்பிள்ஸ் ஷாம்ராக் வேற தெளிவாத் தெரியுது, பேரம் பேசிப் பதினாறுக்கு வாங்கிட்டு வந்தேன். வெயில்ல வச்சுப் பார்த்தா முனையில நீலம் ஓடியிருக்கு. விக்கிறவர் மோட்டார் கல்லுல வச்சு நல்லாத் தேச்சிருக்கார், சூடேறி பதம் போயிருச்சு. அது போகட்டும், முனையை வெட்டித் தள்ளிட்டு உள்ள போனா நல்ல எஃகு வரும். ஆனா மூணோட பின்பக்கம் பூராக் குழி, துரு தின்ன குழி, மேல கருப்பு ஸ்பிரே அடிச்சு மறைச்சிருக்கார். உளிக்கு வெட்டு முனைங்கிறது ரெண்டு முகம் சேருற இடம், பின்பக்கம் குழியா இருந்தா என்ன தீட்டினாலும் முனையில பல்லு விழும். பேரைப் பார்த்து வாங்குனேன், பின்பக்கத்தைப் பார்க்கல. முந்தாநேத்துதான் பிராண்டு பத்தி பெருசாப் பேசுனேன்.

அதே சந்தையில இன்னொருத்தர்கிட்ட ரெண்டு பவுண்டுக்கு ஒரு சாம்பல் கல்லு வாங்கினேன், மரப் பெட்டியோட. தண்ணி விட்டுப் பார்த்தா பச்சையில செம்புள்ளி. சார்ன்லி ஃபாரஸ்ட் கல்லுன்னு நெனைக்கிறேன், லெஸ்டர்ஷயர்ல வெட்டி எடுத்த தீட்டுக் கல்லு, மெதுவாத்தான் வெட்டும், ஆனா கடைசி முனைக்கு இதை அடிச்சுக்க முடியாது. பதினாறு பவுண்டு துக்கம் பாதி கொறைஞ்சுது.

மத்தியானம் மறுபடி கெல்ஹாம். முத்திரைக் கெட்டிக்காரர் வந்திருந்தார். உளியை ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தார், லென்ஸ் வச்சுப் பார்த்தார், தாள் வச்சுப் பென்சிலால தேச்சுப் பார்த்தார். எழுத்தோட வடிவத்தை வச்சு 1800களோட பின்பாதியா இருக்கலாம்னார், பேரு மட்டும் தெரியல. எனக்கு ஏமாத்தமா இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன், ரெண்டு நாளா அந்தப் பேருக்காகத்தான் காத்திருந்தேன். அவரு அதைக் கண்டுக்கவே இல்ல, கம்பெனி பேரை விட்டுட்டு மூணு புள்ளியைக் காட்டி இது என்னன்னார். எங்க தாத்தாவோட அடையாளம்னு சொன்னேன். சட்டுனு முகம் மாறிருச்சு. கம்பெனி பேரு கேட்டலாக்ல கெடைக்கும், வேலை பார்த்தவர் அடையாளம் எங்கயும் கெடைக்காதுன்னு சொல்லிட்டு ஃபோட்டோ எடுத்துக்கிட்டார். தாத்தா பேரு, ஊரு, எந்த வருஷம்னு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டார், அம்பாசமுத்திரத்துக்கு ஸ்பெல்லிங் சொல்றதுக்குள்ள எனக்கு வேர்த்துருச்சு.

அப்புறம் பிடியைத் தடவிப் பார்த்து, ‘இது புதுசு, பழைய பிடி என்ன மரம்?’னார். பூவரசா வாகையான்னு எனக்குத் தெரியல. மஞ்சள் கலந்த ஏதோ ஒரு மரம்னேன். ‘வச்சிருக்கீங்களா?’ன்னு கேட்டார். இல்லைன்னேன். சரின்னு தலையாட்டுனார், அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல.

நாள் 5, திங்கள்

திரும்புற ரயில். பை கனம், கண்டிஷன்படி புதுப் பை வாங்கல, அதனால சட்டையெல்லாம் கோட் பாக்கெட்ல. மர இழைப்புளியை மடியில வச்சு அந்த நாலு பேரையும் படிச்சுட்டே வந்தேன், எதுத்த சீட்டு அம்மா கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிட்டாங்க.

டெர்பி தாண்டுனதும் அப்பாவுக்கு வீடியோ கால். மியூசியத்துல தாத்தா பேரை எழுதிக்கிட்டாங்கப்பா, மூணு புள்ளியை ஃபோட்டோ எடுத்துக்கிட்டாங்கன்னு பெருமையா சொன்னேன்.

‘எந்தப் புள்ளிலே?’

உளியை எடுத்துக் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுட்டு வந்து பார்த்தார்.

‘ஏல, அது தாத்தா அடிச்சது இல்லலே. கொழும்புல வேலை பாக்கும்போது ஒரு வயசான ஆசாரிகிட்ட வாங்குனாவ, வாங்கும்போதே அந்தப் புள்ளி கெடந்துச்சுன்னு சொல்லிருக்காவ. தாத்தா அடையாளம் இரும்புல போடவே மாட்டாவ, எல்லாம் பிடியிலதான். கம்பியக் காய்ச்சி ரெண்டு கோடு, குறுக்க ஒரு கோடு. எங்க, பிடியத் திருப்பிக் காட்டு.’

திருப்பிக் காட்டினேன். ஆஷ் மரம், லின்சீட் ஆயில், ஜம்முனு இருக்கு.

‘இது என்னலே புதுசா இருக்கு?’

பழசு 2019ல பச்சைக் குப்பைத் தொட்டியில, வெட்டுன புல்லோட போச்சு. டனல் வந்துருச்சுப்பா, அப்புறம் கூப்புடுறேன்னு வச்சுட்டேன். டனல் எதுவும் வரல.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் முத்திரை பார்த்த அந்தப் பெரியவருக்கு ஒரு மெயில் எழுதிட்டிருக்கேன், நோட்டுல எழுதுனதைத் திருத்தணும், அந்தப் புள்ளி கொழும்புல பேரு தெரியாத ஒரு ஆசாரியோடதுன்னு. ரெண்டு கோடு, குறுக்க ஒரு கோடு, அதை ஒரு பேப்பர்ல வரைஞ்சு அனுப்பச் சொல்லி அப்பாகிட்ட கேட்டிருக்கேன், இன்னும் அனுப்பல.